கட்டையின் மறுமுனையில் நின்ற அண்ணைக்கு

என் தோளுக்குச் சரியான உயரத்தில் பிறந்த நாகலிங்கம் அண்ணைக்கு,

முதலில் பயப்பட வேண்டாம். இது என்னுடைய கையெழுத்துத்தான். மருமகளோ பேரப்பிள்ளையோ எழுதித் தரவில்லை. சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, மிச்ச மையை நீங்கள் உடுத்திருந்த சாரத்தில் துடைத்த அதே செல்லத்துரைதான் எழுதுகிறேன்.

போன சித்திரைக்குப் பிறகுதான் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். மருமகள் சொல்லித் தருகிறாள். பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். நான் பேனையைப் பிடிக்கிற பிடியைப் பார்த்து, "மாமா, அது அலவாங்கு இல்லை. மெல்லப் பிடியுங்கோ" என்று சிரிப்பாள். அலவாங்குக் கம்பியால் தண்டவாளத்தைக் கிளப்பிப் பழகிய கைக்குத் தாளைத் தொடுவது பெரிய வேலையாக இருக்கிறது, அண்ணை. இவ்வளவையும் எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

ஆனால் என்ன சந்தோசம் தெரியுமா? பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது, சவர்க்காரப் பெட்டியில் எழுதியிருப்பது, கோயில் மணியில் வெட்டியிருக்கும் உபயகாரரின் பெயர், எல்லாம் வாசிக்கிறேன். இத்தனை காலமும் ஊரில் உள்ள சுவர்கள் எல்லாம் என்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எனக்குத்தான் தெரியவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நீங்கள் பத்திரிகை வாசிக்க, நாங்கள் வேப்பமரத்துக்குக் கீழே படுத்திருந்து கேட்போமே. இனி நான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். அந்தக் கொழுப்பு எனக்கு வந்துவிட்டது.

ஆனால் என் படிப்பைப் பற்றிப் புழுகுவதற்காக இதை எழுதவில்லை. போன கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்னும் எனக்கு நெஞ்சு ஒரு நிலைக்கு வரவில்லை. உங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால், மழைத்தண்ணி ஓடும் கானின் மேல் கிடந்த சிலிப்பர் கட்டை போய்விட்டது, அண்ணை. தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடந்து, பிறகு உங்கள் தோளிலும் என் தோளிலும் ஏறி, பிறகு உங்கள் பிள்ளையின் தலைக்கு மேல் கூரையாகக் கிடந்த அதே கட்டை. அது எப்படிப் போனது என்று கேட்டால் நீங்களும் என்னைப் போல வாயைப் பிளந்துகொண்டு நிற்பீர்கள்.

ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் உங்களுக்குத் தெரியாத பெரிய செய்தி. கோச்சி திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் போனபோது லைன் இருந்த இடம் நாயுண்ணிப் பற்றையாகக் கிடந்தது. நடுவில் மாடு கட்டியிருந்தார்கள். இப்போது அதே இடத்தில் புதுத் தண்டவாளம் மினுங்குகிறது. கீழே மரக்கட்டை இல்லை, கொங்கிறீற்று. கோச்சி வந்த முதல் நாள் ஊரே வேலிக்கரையில் நின்றது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டும் என்றார்கள்.

உங்கள் பெண்சாதி பாக்கியம் மச்சாள் மட்டும் வெளியே வரவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இதுவரை அவர் அந்தக் கோச்சியில் ஏறியதே இல்லை. உங்கள் மகள் வசந்தி கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். கோச்சி வீட்டுக்கு முன்னால் போகிறது. ஸ்டேசன் நடக்கிற தூரம். ஆனால் மச்சாள் பஸ்ஸில்தான் போவார். நெரிசலில் நின்றுகொண்டு போய், முழங்கால் வீங்கித் திரும்பி வருவார். ஏன் என்று கேட்டால், "கோச்சி எண்டால் எனக்குத் தலை சுத்தும், தம்பி" என்பார். அதோடு கதையை நிற்பாட்டிவிடுவார். உங்களை நினைத்துத்தான் ஏறாமல் இருக்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதனால் மேலே கேட்கவில்லை.

இனி, கட்டை போன கதைக்குள் வருகிற மெசினைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டைத் தாண்டிக் கிழக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறதே. லைன் முழுவதும் கொங்கிறீற்றுக் கட்டை போட்டவர்கள் அந்தப் பாலத்தின் மேல் மட்டும் மரக்கட்டைதான் போட்டார்கள். உப்புக் காற்றும் மாரித் தண்ணியும் அவற்றைத் தின்றுவிட்டன. மாற்றுவதற்கு ஆட்கள் வந்து பாலத்தடியில் கொட்டில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்தேன். "இந்த வெயிலுக்குள்ளை எங்கை மாமா?" என்று மருமகள் கேட்டாள். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

அங்கே பத்துப் பேர்கூட இல்லை, அண்ணை. எங்கே மற்றவர்கள் என்று தேடினேன். மற்றவர்கள் என்பது அந்த மெசின்தான். மண் வெட்டுகிற பெக்கோவைப் போல மஞ்சளாக இருந்தது. றோட்டில் ஓடும் சில்லும் இருக்கிறது, தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சில்லும் இருக்கிறது. கையின் நுனியில் நண்டுக்கால் மாதிரி ஒரு கவ்வி. ஆட்கள் ஆணியைக் கழற்றித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்கள். மெசின் குனிந்தது. கட்டையைக் கவ்வியது. பக்கவாட்டில் உருவி, முருங்கைக்காயைத் தூக்குவதுபோலத் தூக்கி அப்பால் வைத்தது. திரும்பி ஒரு புதுக்கட்டையை எடுத்து அதே இடத்துக்குள் தள்ளியது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்தேன். குனிந்து பார்த்தால் சைக்கிள் எப்போதோ விழுந்து கிடக்கிறது.

அதே வேலைக்கு நாங்கள் பட்ட பாடு என்ன? சல்லிக்கல்லைக் கிளறி, ஆணியைப் பிடுங்கி, அலவாங்கு போட்டு, எல்லோரும் சேர்ந்து ஏலேலோ பாடி ஒரு கட்டையை உருவுவதற்குள் பாதி உயிர் போய்விடும். கட்டைக்குப் பூசிய தார் எண்ணெய் வெயிலில் உருகித் தோளைச் சுடும். பின்னேரம் மச்சாள் உங்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவார். அடுத்த நாள் அதே தோளில் அடுத்த கட்டை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அண்ணை. அந்த நாளில் இந்த மெசின் வந்து இறங்கியிருந்தால் நீங்கள் சந்தோசப்பட்டிருப்பீர்களா? எங்களுக்கு வேலை போயிருக்கும். ஆனால் தோள் மிஞ்சியிருக்கும். நான் என்றால் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டிருப்பேன்.

மெசினை ஓட்டியவர் பெயர் ரவி. சாவகச்சேரிக்காரர், பிள்ளைகுட்டிக்காரர். வேலையை நடத்துகிற ஓவசியர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். மீசை நரைத்திருந்தது. நான் வாயைத் திறந்தபடி நிற்பதைப் பார்த்து ரவி, "என்னப்பு, மெசின் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"நானும் மெசின்தான், தம்பி. பழைய மொடல்" என்றேன்.

அவர் அதை ஓவசியருக்குச் சிங்களத்தில் சொன்னார். ஓவசியர் சிரித்துவிட்டுத் தன் தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். அதன் பிறகு நான் சும்மா இருப்பேனா? எழுத்துப் படிப்பது வரைக்கும் எல்லாக் கதையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். நாங்கள் கட்டை இறக்குகிற முறையைப் பற்றியும் சொன்னேன்.

மருமகள் இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். வாசிக்கிற மற்றவர்களுக்கு அது தெரியாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். இரண்டு பேர் ஒரு கட்டையைத் தோளில் சுமந்து போகும்போது முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. திரும்பிப் பார்க்கவும் ஏலாது. அதனால் இறக்கும் நேரம் பின்முனைக்காரர்தான் கேட்க வேண்டும். நீங்கள் எப்போதும் பின்முனை. "தம்பி, விடட்டோ?" என்பீர்கள். நான் "ஓம் அண்ணை" என்பேன். பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து விடுவோம். ஒருவர் முந்தினால் மற்றவரின் தோள் முறிந்துவிடும். என் "ஓம்" வராமல் நீங்கள் ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு தடவை நீங்கள் கேட்ட நேரம் பார்த்து எனக்குத் தும்மல் பிடித்துவிட்டது. தும்முகிறேன், தும்முகிறேன், நிற்கவில்லை. நீங்கள் கட்டையோடு நின்றபடி, "தும்மி முடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லு, ராசா. எனக்கென்ன அவசரம்?" என்றீர்கள். அன்று முழுவதும் எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ரவி இதைக் கேட்டுவிட்டு, "எங்கடை மெசினுக்கு உந்த மரியாதை எல்லாம் தெரியாதப்பு. அது தன்ரை பாட்டிலை போடும்" என்றார்.

அந்தக் கட்டை நம் தோளில் ஏறிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சண்டையால் கோச்சி நின்றுபோய், லைனை ஆளாளுக்குக் கழற்றிக்கொண்டிருந்த காலம். தண்டவாளம் ஒரு பக்கம் போனது, கட்டை ஒரு பக்கம் போனது. எல்லாம் பங்கருக்கு. குண்டு போடும் பொம்மர் வந்தால் வசந்தியை ஒளிக்க உங்கள் வளவிலும் கிடங்கு வெட்டியிருந்தோம். மேலே போடப் பனங்குற்றி போதவில்லை. நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தீர்கள். நாங்கள் போட்ட கட்டையை நாங்களே கிளப்புவதா என்ற யோசனை. பிறகு ஒரு பின்னேரம் பொம்மர் தாழப் பறந்து போனது. பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றாள். அலவாங்கை எடுத்துக்கொண்டு வா என்றீர்கள்.

ஆணியைப் பிடுங்கிய பிறகும் நீங்கள் கட்டையைத் தூக்கவில்லை. கோச்சி வராத அந்த லைனைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "இது இரவல். நீ திரும்பி வந்தால் தந்துபோடுவன்" என்றீர்கள். நான் சிரித்தேன். மனுசன் லைனோடு கதைக்கிறாரே என்று சிரித்தேன்.

பங்கருக்குள் அந்தத் தார் எண்ணெய் மணம் மூக்கை அடைக்கும். வசந்தி தலையிடிக்கிறது என்பாள். "நாங்கள் லைனுக்குக் கீழே படுத்திருக்கிறம். இப்ப மேலாலை கோச்சி போகும் பார்" என்பீர்கள். வெளியே செல் விழுந்து வெடிக்கும் சத்தத்தை அவள் கோச்சியின் சத்தம் என்று எண்ணிக்கொண்டாளோ தெரியாது. அவள் நித்திரையானாள்.

பிறகு எல்லோரும் ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. நீங்கள் குடும்பத்தோடு பருத்தித்துறைப் பக்கம் போனீர்கள். நான் புத்தூரில் இருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லையே, அண்ணை. விடட்டோ என்று ஒரு சொல் கேட்கவில்லையே. உங்கள் முனையை நீங்கள் விட்டுவிட்டீர்கள். என் முனை என் தோளிலேயே இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது உங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. பங்கரில் பனங்குற்றி எல்லாம் உக்கிப் போயிருந்தன. சிலிப்பர் கட்டை மட்டும் அப்படியே இருந்தது. பங்கரை மூடிவிட்டு அதைக் கானுக்கு மேல் பாலமாகப் போட்டேன். முன்முனையை நான் தூக்கினேன். உங்கள் முனைக்கு அயலில் மூன்று பேர் தேவைப்பட்டது. மூன்று பேரும் மூன்று நேரத்தில் விட்டார்கள். என் தோளில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து மச்சாளைப் பார்க்கப் போனால் நான் குந்துவது அந்தக் கட்டையில்தான். உங்களோடு கதைக்க எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

மெசினைப் பார்த்த அடுத்த நாள் மத்தியானம், மச்சாளுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய் கொண்டு போனேன். படலையைப் பார்த்துக்கொண்டே வழக்கமாகக் காலை வைக்கிற இடத்தில் வைத்தேன். கால் கானுக்குள் போய்விட்டது. கத்தரிக்காய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழும்பிப் பார்த்தால் கட்டை இல்லை. அது அழுந்திக் கிடந்த தடம் மட்டும் கானின் இரண்டு கரையிலும் இருக்கிறது. பக்கத்தில் மெசினின் சில்லுத் தடம். கூப்பிட்டுப் பார்த்தேன், வீட்டில் மச்சாளும் இல்லை.

பாலத்தில் கழற்றிய பழங்கட்டைகளை அள்ளும்போது, றோட்டுக் கரையில் கிடக்கிறதே என்று இதையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பழங்கட்டைகளை ஏற்றிய கோச்சிப் பெட்டியைப் பின்னேரம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ரவி முதல் நாளே சொல்லியிருந்தார். சேறு வடிய வடியப் பாலத்தடிக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

அங்கே போய் நான் கதைத்த கதை எல்லாவற்றையும் எழுத மாட்டேன். பத்திரிகையில் வரப்போகிறதே. ஒரு மனுசி தனிய இருக்கிற வீட்டு வாசலைக்கூட விட்டுவைக்க மாட்டீர்களா என்று ரவியைக் கேட்டேன். கண் எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். ரவி மெசினை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்தார். கோபிக்கவில்லை.

"அப்பு, நான் கேளாமல் எடுக்கேல்லை. அந்த அம்மாதான் றோட்டிலை மறிச்சு, உதையும் கொண்டு போ தம்பி எண்டவ. கானுக்கு மேலாலை பிறகு என்னெண்டு நடப்பியள் எண்டு கேட்டனான். அது என்ரை பாடு, நீர் எடும் எண்டிட்டா."

நான் நம்பவில்லை. பொய் சொல்கிறீர் என்றேன். கட்டைக் குவியலுக்குள் இறங்கித் தேடினேன். கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ஆணி ஓட்டை பெருத்துவிட்டால் நாங்கள் பனை வைரத்தைச் சீவி ஆப்பாக அடிப்போமே, அந்த ஆப்புகள் கட்டையின் கறுப்புக்குள் மண்ணிறக் கீற்றாகத் தெரிந்தன. நீங்கள் சீவி, நான் அடித்தது. அதன் மேல் குந்திக்கொண்டேன்.

"இனி ஏத்திறதெண்டால் என்னையும் சேத்து ஏத்துங்கோ" என்றேன்.

வேலைக்காரர் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஓவசியர் வந்து தலையைச் சொறிந்தார். அப்போதுதான் குடையைப் பிடித்துக்கொண்டு மச்சாள் வருகிறார். நெற்றியில் திருநீறு. கோயிலுக்குப் போய்விட்டு, கட்டை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நேரே வந்திருக்கிறார்.

"தம்பி, எழும்பும்" என்றார். "ஆர் உம்மை உதிலை குந்தச் சொன்னது? நான்தான் குடுத்தனான்."

"மச்சாள், இது அண்ணையின்ரை கட்டை."

"அவரின்ரை இல்லை. அவர் இரவல் எண்டு சொல்லித்தானே கொண்டு வந்தவர்."

அது அண்ணை பகிடிக்குச் சொன்னது என்றேன். மச்சாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"உமக்குப் பகிடி. காய்ச்சலிலை கிடக்கேக்கையும் மனுசன் அதைத்தான் சொன்னது. லைன் வந்தால் கட்டையைக் குடுத்துப்போடு பாக்கியம், மறந்து போகாதை எண்டு. லைன் வந்த உடனை நான் ஸ்டேசனிலை போய்ச் சொன்னனான். இப்ப மரக்கட்டை தேவையில்லை அம்மா, நீங்களே வைச்சிருங்கோ எண்டிச்சினம். நான் எப்பிடி வைச்சிருக்கிறது? இரவல் பொருளை வாசலிலை போட்டுக்கொண்டு, அவையின்ரை கோச்சியிலை நான் எந்த முகத்தோடை ஏறுறது?"

அண்ணை, கானுக்குள் விழுந்தபோது எனக்கு இவ்வளவு அடி படவில்லை. தலை சுற்றுகிறது என்று இவர் சொன்னது இதையா? இத்தனை வருசமும் பஸ்ஸில் நெரிபட்டு, முழங்கால் வீங்கி வந்தது இதற்காகவா? ஒரு நாள்கூட என்னிடம் சொல்லவில்லையே. அதே கட்டையில் குந்திக்கொண்டுதானே நான் இவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீர் சிரிப்பீர்" என்றார்.

நான் எழும்பிவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன். அதை ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை? மறுமுனை என்னுடையது அல்லவா? நீங்களும் நான் சிரிப்பேன் என்றுதான் நினைத்தீர்களா?

ரவி எல்லாவற்றையும் ஓவசியருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓவசியர் சிரிக்கவில்லை. சுத்தியலை வாங்கிக் கட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "இது நல்ல கட்டை. பெட்டியிலை ஏத்த வேணாம்" என்றார். பாலம் முடிகிற இடத்தில் சல்லிக்கல் சரிந்து விழாமல் மறித்துக் கிடக்கிற கட்டையும் உக்கிப் போயிருந்தது. அந்த இடத்துக்கு இதைப் போடலாம் என்று ரவியிடம் காட்டினார்.

பிறகு அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மச்சாளுக்கு முன்னால் வந்து நின்றார். "பார கத்தா, அம்மே" என்றார். பாரம் எடுத்தேன், பெற்றுக்கொண்டேன் என்பதுதான் அது. மச்சாளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் குடையைச் சுருக்கினார். தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல்லைத் தர லைன் வந்த நாளிலிருந்து ஒருவரும் இருக்கவில்லை, அண்ணை. மெசினோடு வந்த ஒரு வெளியூர்க்காரர் வந்துதான் அதைத் தர வேண்டியிருந்தது.

ரவி ஒரு வெள்ளைப் பெயின்ற் பேணியும் பிறஸும் கொண்டு வந்து என் கையில் தந்தார். போட்ட கட்டைக்கு அவர்கள் அடையாளம் வைக்கிற பெயின்ற். "அப்பு, எழுதப் படிக்கிறன் எண்டனீங்கள். முனையிலை அவரின்ரை பேரை எழுதிவிடுங்கோ. கல்லுக் கொட்டினால் மூடிப்போடும். எண்டாலும் கிடக்கட்டும்" என்றார்.

மெசின் கட்டையைத் தூக்கியது. எங்கள் இரண்டு பேரின் முதுகையும் வளைத்த கட்டை, காற்றில் சும்மா ஆடிக்கொண்டு போனது. பாலத்தின் வாயில், கிடக்க வேண்டிய இடத்துக்கு மேலே, என் முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. முன்முனை என் பக்கம் இருந்தது. உங்கள் முனையில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் ரவி மெசினுக்குள் இருந்து தலையை வெளியே நீட்டினார்.

"அப்பு, விடட்டோ?" என்று கேட்டார்.

அவர் மறக்கவில்லை, அண்ணை. நான் முதல் நாள் சொன்னதை அந்த மனுசன் மறக்கவில்லை. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இந்த முறை தும்மலும் இல்லை. எத்தனையோ வருசமாக நான் கேட்கக் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. பதில்தான் வரவில்லை. ரவி திரும்பக் கேட்கவில்லை. கட்டையைப் பிடித்தபடி மெசினோடு காத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

நான் மண்ணில் குந்தினேன். பிறஸைப் பெயின்றில் தோய்த்தேன். உங்கள் பெயரை எழுதத்தான் நினைத்தேன். கை வேறு எழுத்துக்குப் போய்விட்டது. சுழித்து, இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முனையில் எழுதினேன். நான் எவ்வளவு மெதுவாக எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாது. சல்லிக்கல் நிரம்பிய சவலைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். ஓவசியர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மச்சாள் எனக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தார்.

ஓம் அண்ணை.

அவ்வளவுதான் எழுதினேன். எழும்பி விலகி நின்றேன். மெசின் கட்டையை இறக்கியது. ஒரு சத்தமும் இல்லாமல் அது தன் இடத்தில் இருந்தது. கல்லைக் கொட்டினார்கள். எழுத்து மூடிவிட்டது. ஓவசியர் என்ன எழுதினீர்கள் என்று சைகையால் கேட்டார். தோளைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தன் தோளையும் ஒரு தரம் தட்டினார்.

அன்று பின்னேரம் கோச்சி அந்தப் பாலத்தின் மேலே போனது. முதலில் மெல்லத்தான் போனது. நானும் மச்சாளும் வேலிக்கரையில் நின்று பார்த்தோம். கோச்சி வந்த காலத்திலிருந்து அன்றுதான் அவர் அதைப் பார்க்க வெளியே வந்து நின்றார். கட்டை அசையவில்லை. ஒரு கல்கூடச் சரியவில்லை. "போட்ட மாதிரிக் கிடக்குது, தம்பி" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது கானைத் தாண்ட அவருக்குக் கையைக் கொடுத்தேன்.

இனி நான் உங்களுக்குத் தருகிற வாக்கு இது. கானுக்கு மேல் நானே ஒரு கொங்கிறீற்றுச் சிலாப்புப் போட்டுக் கொடுப்பேன். அது இரவல் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை மச்சாளைக் கோச்சியில் ஏற்றி வசந்தியிடம் கூட்டிக்கொண்டு போவேன். யன்னல் கரையில் இருத்துவேன். சேலை இப்போதே மடித்து வைத்தாயிற்று என்று கேள்வி. ஸ்டேசன் பெயர் ஒவ்வொன்றையும் நானே வாசித்துச் சொல்வேன், ஒருவரையும் கேட்க மாட்டேன். பாலம் வரும்போது எழும்பி நிற்பேன். தோளைத் தடவிப் பார்க்க மாட்டேன். அதில் இப்போது ஒன்றும் இல்லை, அண்ணை. நீங்கள் கேட்டீர்கள், நான் ஓம் சொன்னேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் விட்டோம்.

இப்படிக்கு,
முன்முனையில் நடந்த உங்கள் தம்பி
செல்லத்துரை